கடைசிச் சைக்கிளில் ஒரு பை

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சைக்கிள் பயணக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

இம்மேடையில் இலக்கியம் பேசியவர்கள் உண்டு. இசையும் சமயமும் பேசியவர்கள் உண்டு. நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு துணிப்பை. அதனுள் ஒரு ரப்பர் டியூப், டயர் கழற்றும் இரண்டு நெம்புகள், நான்கைந்து ஸ்பேனர்கள், கொஞ்சம் கம்பி, ஒரு கந்தைத் துணி ஆகியவை இருக்கின்றன. இதைப் பற்றிப் பேசுவதற்கு ஓர் ஆண்டு விழா வேண்டுமா என்று உங்களுள் சிலருக்குத் தோன்றலாம். எங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும். அந்த எண்ணம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறோம். தவறு எங்களுடையது, ஆகையால் ஒளிக்காமல் சொல்வதே முறை.

நம் நாகபுரியிலிருந்து சேவாகிராமம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஊருக்குப் போகும் போதெல்லாம் சென்னை வண்டியில் அந்த நிலையத்தைக் கடந்து போகிறோம். முன்னாளில் வார்தா கிழக்கு என்று பெயர் பெற்றிருந்த நிலையம் அது. காந்தியடிகள் 1936ஆம் ஆண்டு அங்கே குடியேறியபோது அச்சிற்றூரின் பெயர் சேகாவ். 1940இல்தான் சேவாகிராமம் என்று பெயர் மாறியது. அவ்விடத்தில் தமிழர்க்கும் ஓர் உரிமை உண்டு. தஞ்சையிற் பிறந்த ஜே.சி. குமரப்பா அவர்கள் வார்தாவின் மகன்வாடியில் இருந்துகொண்டுதான் 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நடத்தினார். 1937இல் வார்தாவிற் கூடிய கல்வி மாநாட்டின் பின்னர், கைத்தொழில் வழியாகக் கல்வி என்னும் ஆதாரக் கல்வித் திட்டத்தைச் சேவாகிராமத்தில் முன்னின்று நடத்தியவர் இலங்கைத் தமிழரான ஆரியநாயகம் அவர்கள். ‘கை அறியாததை மூளை முழுதும் அறிந்ததாகாது’ என்பதே அத்திட்டத்தின் சாரம் என்று நாங்கள் விளங்கிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சனிக்கிழமை விடியலில், காலனியிலிருந்து ஒன்பது பேர் சைக்கிளிற் புறப்பட்டோம். எங்களுட் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்த எழுத்தர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பேரேட்டிலும் கோப்பிலும் காலம் கழிப்பவர்கள். ஒன்பதாமவன் மட்டும் பதினைந்து வயதுச் சிறுவன். எங்களோடு பணிபுரியும் நண்பர் ஒருவரின் மகன். அவர் அன்று பணியில் இருந்தமையால் வர இயலவில்லை. பையனை எங்களை நம்பி அனுப்பினார். “பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், அண்ணா” என்று அவன் தாயார் வாசலில் நின்று சொன்னார். சொன்னோம், தலையை அசைத்தோம், புறப்பட்டோம்.

போகும்போது ஒரு குறையுமில்லை. பூட்டிபோரி வரையில் நெடுஞ்சாலை. அங்கே ஹைதராபாத் சாலையை விட்டுப் பிரிந்து வார்தா சாலை. இருமருங்கும் பருத்தியும் துவரையும். கேல்ஸர் கடந்து, சேலு கடந்து, நண்பகலுக்குச் சேவாகிராமம் அடைந்தோம். இரவு தங்கினோம். மறுநாள் காந்தி பிறந்த நாள். காலைப் பிரார்த்தனையிற் கலந்துகொண்டு, மகன்வாடியையும் பார்த்துவிட்டு, வெயில் சற்றுத் தணியட்டும் என்று பிற்பகலிற் கிளம்பினோம். அந்தத் தாமதமே முதல் தவறு.

கேல்ஸருக்கு இப்பால் சில கிலோமீட்டர் வந்ததும் பையனுடைய பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. வேலி அடைக்க வெட்டிய கருவேல முள். அவன் எங்களுள் கடைசியாக வந்துகொண்டிருந்தான். அவனோடு எங்களுள் மூத்தவர் ஒருவர் மட்டுமே இருந்தார். மற்ற ஏழு பேரும் முன்னே போய்விட்டோம். பம்பும், பஞ்சர் ஒட்டும் தகரப் பெட்டியும் யாரிடம் இருந்தன தெரியுமா? எல்லாருக்கும் முன்னால், ஐந்து கிலோமீட்டர் தூரத்தில், வேகமாகப் போய்க்கொண்டிருந்தவரிடம்!

தொலைபேசியில் அழைத்து அவரைத் திருப்பி வரவழைப்பதற்குள் அரைமணி ஆயிற்று. பெட்டியைத் திறந்தோம். ஒட்டும் பட்டைகள் இருந்தன, உப்புத்தாள் இருந்தது, சொல்யூஷன் குழாயும் இருந்தது. ஆனால் அதை எப்போதோ ஒருமுறை திறந்து பயன்படுத்தி, மூடி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த பசை காய்ந்து கட்டியாகிவிட்டது. சரி, காற்றையாவது அடித்து அடித்து ஓட்டிப் பார்ப்போம் என்று பம்பை எடுத்தால், அதன் வாய் நம்முடைய சாதாரண சைக்கிள் வால்வுக்கு உரியது. பையனுடைய கியர் சைக்கிளில் இருந்ததோ மோட்டார் காருக்கு இருப்பது போன்ற தடித்த வால்வு. இரண்டும் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள். அருகில் திறந்த கடை எதுவும் இல்லை. பூட்டிபோரிக்குச் சென்று பழுது பார்ப்பவரை அழைத்துவருகிறோம் என்று சிலர் முன்னே போனோம். வேறு சிலர் பின்னால் இருந்த சிற்றூரில் விசாரிக்கத் திரும்பினோம். மூத்தவரும், ஒரு டிராக்டர் போவதைக் கண்டு அதை நிறுத்துவதற்காகச் சிறிது தூரம் போனார். ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடுதான் போனோம். ஆனால் எல்லாரும் போனபின் அங்கே நின்றது ஒரு சிறுவனும் ஒரு பழுதான சைக்கிளும். ஆறரை மணிக்கு இருட்டிவிட்டது. லாரிகள் விரையும் சாலை. அவனுடைய கைப்பேசியும் அணைந்துவிட்டது. அந்த நேரத்திற்றான் அவன் தாயார் அவனை அழைத்திருக்கிறார். பதில் இல்லை. எங்களை அழைத்தார். “பையன் எங்கே?” என்ற கேள்விக்கு எட்டுப் பேரில் ஒருவராலும், “இதோ, என் அருகில் இருக்கிறான்” என்று சொல்ல முடியவில்லை.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவன் தனியே நின்றான். நாங்கள் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது, சாலையோரத்தில் ஒரு கைவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயல் வேலை முடித்து வீடு திரும்பிய முதியவர் ஒருவர் தம் பழைய சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, பையனுடைய சக்கரத்தின் முன் குந்தியிருந்தார். வழியிற் பையனைக் கண்டவர், “காய் ஜாலா?” என்று ஒரே கேள்வி கேட்டாராம். என்ன ஆயிற்று என்பதற்கு மராத்தியில் அப்படிச் சொல்வார்கள். பிறகு தம் இருக்கைக்கு அடியிற் சுருட்டிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாராம். அதில் இரண்டு நெம்புகள், பழைய டியூபில் வெட்டிய சில துண்டுகள், ஒரு சிறு சொல்யூஷன் குழாய், ஓர் உப்புத்தாள், ஒரு ஸ்பேனர். அவ்வளவுதான். ஓட்டையை அடைத்து டயரை ஏற்றிவிட்டார். பம்பு அவரிடமும் இல்லை. அந்த வழியே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவரிடம் கால்பம்பு இருந்தது. அதன் வாய் பையனுடைய வால்வுக்குப் பொருந்தியது. நாங்கள் நீட்டிய பணத்தை முதியவர் வாங்கவில்லை. கையை அசைத்துவிட்டு, துணியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கைக்கல்வியின் பெருமையைச் சேவாகிராமத்திற் காலையிற் பேசிவிட்டு வந்தவர்கள் நாங்கள். மாலையில் ஒரு பஞ்சரை ஒட்ட எங்களுள் ஒருவருக்கும் வக்கில்லை. அந்த வெட்கம் இன்றும் எங்களை விட்டுப் போகவில்லை.

இரவு பதினொரு மணிக்குக் காலனி சேர்ந்தோம். அந்தத் தாயார் கூச்சலிடவில்லை; பழி சொல்லவில்லை. “ஒன்பது பேர் போனீர்களே, அண்ணா. பதினெட்டுக் கை இருந்ததே!” என்று மட்டும் சொல்லி, பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

அடுத்து நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இனிச் சங்கத்தின் பெயரால் சைக்கிள் பயணம் கூடாது என்று பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. எதிர்த்துப் பேச எங்களுக்கு நா எழவில்லை. அப்போது எழுந்து பேசியவர் அதே தாயார்தாம். “நிறுத்துவது எளிது. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர்கள் வேலையைக் கற்றுக்கொண்டு போகட்டும். என் பையனும் கற்றுக்கொள்ளட்டும். அதன்பின் நானே அனுப்புகிறேன்” என்றார். தீர்மானம் கைவிடப்பட்டது. நாங்கள் கற்கத் தொடங்கினோம்.

நம் காலனிச் சந்தையருகே மரத்தடியிற் கடை வைத்திருக்கும் சைக்கிள் பழுது பார்ப்பவர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குப் பாடம் நடத்தினார். அவரிடம் கற்றதையும், பிறகு வழியில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சுருங்கச் சொல்கிறோம். உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

முதலாவது, காற்று. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் சைக்கிள் ஓட்டுபவனுக்குச் சுகமும் பஞ்சரும் ஒன்றாகவே வந்தன. நீண்ட பயணத்திற்கு ஒவ்வொருவரும் தம் சக்கரத்துக்குப் பொருந்தும் டியூப் ஒன்றை உடன் கொண்டுபோக வேண்டும். வழியில் டியூபை மாற்றிவிட்டு, ஓட்டையை வீட்டில் ஆற அமர ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும் சாமான் இரண்டாவது பஞ்சருக்கு.

டியூபும் டயரும் வாங்கும்போது ஓர் ஏமாற்றம் உண்டு. 26 என்று எழுதியிருப்பவையெல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ என்ற டயர் 590 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் உட்காரும். 26 × 1.95 என்ற தடித்த டயருக்கோ 559 மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றில் ஏற்ற முடியாது. நம் தந்தையர் ஓட்டிய 28 × 1½ சைக்கிளுக்கு 635 மில்லிமீட்டர். மாறாக, 700சி என்றும் 29 என்றும் வெவ்வேறு பெயரில் விற்பவை இரண்டுக்கும் 622 மில்லிமீட்டரே. ஆகவே, டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். பெயர் ஏமாற்றும், அந்த எண் ஏமாற்றாது.

வால்வு மூன்று வகை. சாதாரண சைக்கிளின் வால்வு ஒன்று. தடித்த மோட்டார் வால்வு மற்றொன்று. மெலிந்த பிரெஞ்சு வால்வு மூன்றாவது. குழுவிலுள்ள எல்லா வால்வுக்கும் பம்பு பொருந்துகிறதா என்று புறப்படுவதற்கு முன்பே அடித்துப் பார்க்க வேண்டும். பொருந்தாவிடில், விரல் நுனியளவு பித்தளை மாற்றுத் திருகு ஒன்று போதும். சாதாரண வால்வின் உள்ளே செருகும் ரப்பர்க் குழலை வால்டியூப் என்கிறோம். அது வெடித்தாலும் காற்று இறங்கும். அதை அறியாமல் டியூபையெல்லாம் நீரில் அமிழ்த்தி ஓட்டை தேடுவோர் உண்டு. ஒரு விரல் நீள வால்டியூப் பையில் இருந்தால் பெருந் தொல்லை தீரும்.

பஞ்சர் ஒட்டுவதில் நாங்கள் செய்த பிழைகள் இரண்டு. டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிதாகத் தடவியவுடன் பட்டையை ஒட்டிவிடுவோம். அது நிற்காது. தடவியது ஈரம் போய், தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும் வரை சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். பிறகே பட்டையை வைத்து அழுத்த வேண்டும். மற்றொன்று, டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் டியூபை ஏற்றுவது. முள் அங்கேயே இருக்கும். புது டியூபையும் குத்தும். முதல் பாடத்தில் எங்களுள் ஒருவர் அரைமணி நேரத்துக்குள் ஒரே முள்ளால் இரண்டு டியூபை இழந்தார். சொல்யூஷன் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை திறந்த குழாயை வீட்டில் வைத்துக்கொண்டு, பயணத்துக்குத் திறவாத குழாயையே எடுத்துச் செல்கிறோம். டயரே கிழிந்துவிட்டால், பழைய டயரில் வெட்டிய இரண்டங்குலத் துண்டு ஒன்றைக் கிழிசலுக்கு உட்புறமாக வைத்து ஓட்டலாம். ஊர் போய்ச் சேரும்.

இரண்டாவது, செயின். அறுந்த கண்ணியை எடுத்துவிட்டு மற்றவற்றை இணைக்க ஒரு சிறு கருவி உண்டு. அதோடு ஓர் இணைப்புக் கண்ணியும் வேண்டும். எல்லாச் செயினிலும் கண்ணிக்குக் கண்ணி தூரம் அரை அங்குலமே; ஆனால் அகலம் வேறுபடும். கியர் இல்லாத சைக்கிளின் கண்ணி கியர் சைக்கிளுக்கு ஆகாது. கியர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் மாறும். சாதாரணச் செயினின் இணைப்புக் கண்ணியில் ஒரு கிளிப் இருக்கும். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கழன்றுவிடும்.

மூன்றாவது, மரையும் ஆணியும். சந்தையில் விற்கும் பெரிய ஸ்பேனர்க் கட்டு வேண்டாம். உங்கள் சைக்கிளிலுள்ள மரைகளை ஒருநாள் மாலை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எந்த ஸ்பேனர் எதற்குப் பொருந்துகிறதோ அதை மட்டும் எடுத்து வையுங்கள். புதிய சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகள் போதும். இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையிற் சுற்றியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இதை அறியாமல் இரண்டு பேர் சேர்ந்து பலங்கொண்ட மட்டும் இறுக்கிக்கொண்டே, கழற்றுவதாக எண்ணிய காட்சியும் எங்கள் பாடசாலையில் நடந்தது.

நான்காவது, பிரேக் கம்பி. ஒன்று போதும், ஆனால் பின்சக்கரத்துக்குரிய நீளமானதாக இருக்கட்டும். நீண்டதை முன்னதற்கு வெட்டிக்கொள்ளலாம். குட்டையை நீட்ட முடியாது. ஸ்போக் கம்பி ஒன்று ஒடிந்தால் அஞ்ச வேண்டாம். அதை அடுத்த கம்பியோடு முறுக்கி வைத்துவிட்டு, சக்கரம் உரசாதபடி பிரேக்கைத் தளர்த்திக்கொண்டு மெல்ல வரலாம். நம் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் 40 கம்பிகள் உண்டு. ஒன்று போனால் முப்பத்தொன்பது தாங்கும். இதிலும் ஒரு பாடம் இருப்பதாக எங்கள் ஆசிரியர் சொன்னார்.

இவற்றோடு சிறிது மெல்லிய கம்பி, ஒட்டும் நாடா, கை துடைக்கத் துணி, ஒரு விளக்கு. எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேற் போகவில்லை. சுத்தியலையும் சக்கர அச்சுக்குள் இருக்கும் குண்டுகளையும் நாங்கள் கொண்டுபோவதில்லை. பயன்படுத்தத் தெரியாத கருவி வெறும் சுமை. கையிற் பழக்கம் இல்லாததைப் பையில் வைக்கக் கூடாது என்பதே எங்கள் விதி.

நிற்க. இவற்றையெல்லாம் விடப் பெரிய பாடம் ஒன்றை நாங்கள் கற்றோம். அதைக் கற்பித்தவர் வெளியார் அல்லர். நமக்குச் சோறு போடும் ரயில்வேதான்.

ஒரு வண்டி நிலையத்தைக் கடக்கும்போது நிலைய அதிகாரி எதைப் பார்க்கிறார்? முன்னே வரும் எஞ்சினை மட்டுமன்று. கடைசிப் பெட்டியின் பின்புறம் ‘எல்.வி.’ என்ற பலகை இருக்கிறதா, இரவானால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார். அதைக் கண்டபின்பே வண்டி முழுமையாக வந்தது என்று கொள்வார். எஞ்சின் வந்து சேர்ந்துவிட்டது என்பதனால் வண்டி வந்து சேர்ந்ததாகாது. கார்டு என்று நாம் அழைத்து, 2022 முதல் ரயில் மேலாளர் என்று பெயர் பெற்றவர், பயணி வண்டியின் பின்கோடியில் இருந்துகொண்டு பயணம் செய்வதும் இக்கருத்தோடுதான். கொடியும் விளக்கும் முதலுதவிப் பெட்டியும் அவர் பொறுப்பில் இருக்கின்றன. நாள்தோறும் இதைப் பார்த்துக்கொண்டே இருந்த நாங்கள், எங்கள் கருவிப் பெட்டியை எஞ்சினில் வைத்துக் கொண்டு ஓடினோம்!

பழுதானவன் எப்போதும் பின்னாலே தங்குகிறான். ஆகவே கருவியும் பின்னாலே இருக்க வேண்டும். இப்போது எங்கள் குழுவின் பொதுப் பையை எல்லாருக்கும் கடைசியில் வருபவர் சுமக்கிறார். வேலை நன்கு தெரிந்தவரே கடைசியில் வருவார். அவரை யாரும் பின்னே விட்டுவிட்டுப் போகக் கூடாது. அவரும் யாரையும் பின்னே விடமாட்டார். பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னே போனவர் நின்று, கடைசிச் சைக்கிளைக் கண்ணாற் கண்ட பிறகே மேலே போகலாம். இரண்டு பேருக்குக் குறைவாக எவரையும் வழியில் நிறுத்துவதில்லை. பிள்ளைகள் ஒருவர் பக்கத்தில் பெரியவர் ஒருவர் என்றும் இருப்பார்.

உலகப் புகழ்பெற்ற செய்தி ஒன்று உண்டு. 1913ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில் யூஜேன் கிறிஸ்தோஃப் என்பவருக்குப் பிரனீஸ் மலைச்சரிவில் முன் கவட்டை ஒடிந்துவிட்டது. பிறர் உதவியைப் பெறக்கூடாது என்பது அந்நாளைய விதி. அவர் சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஓர் ஊரின் கொல்லன் உலையிற் தம் கையாலேயே அதைப் பற்றவைத்தார். துருத்தி ஊதுவதற்கு ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவருக்கு அபராதமும் விதித்தார்கள். ஆயினும் அவர் அந்தப் பந்தயத்தை முடித்தார். நம் பம்பாயிலிருந்து 1923இற் புறப்பட்ட ஆறு பார்சி இளைஞர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் சைக்கிளில் உலகைச் சுற்றி, ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்து 1928இல் வீடு திரும்பினர். பாலைவனங்களையும் அவர்கள் கடந்தார்கள். அங்கே மரத்தடிக் கடை ஏது?

அவர்களுடைய உறுதியை வணங்குகிறோம். ஆனால் துருத்தி ஊதிய சிறுவனுக்காக அபராதம் விதித்த அந்த விதியை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. கேல்ஸர்ச் சாலையில் அந்த முதியவரின் உதவியைப் பெற்றவர்கள் நாங்கள். உதவியைப் பெறுவது இழிவன்று. வழியில் உதவி கிடைக்கும் என்று எண்ணி வெறுங்கையோடு புறப்படுவதே இழிவு. அந்த முதியவர் தமக்காகத் துணியைச் சுருட்டிக் கட்டியிருந்தார். அது அன்று யாரென்றே தெரியாத ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு உதவிற்று. பையைச் சுமப்பவன் தனக்காக மட்டும் சுமப்பதில்லை.

2023 அக்டோபர் முதல் நாள் மீண்டும் சேவாகிராமம் புறப்பட்டோம். இம்முறை பதினான்கு பேர். தாயார் வாசலுக்கு வந்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பையனுடைய பையைத் திறந்து, டியூபையும் பம்பையும் எடுத்துப் பார்த்தார். சொல்யூஷன் குழாயைக் கையிலெடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே வைத்து மூடி, “போய் வாருங்கள், அண்ணா” என்றார். போகவும் வரவுமாக இரண்டு பஞ்சர்; ஒரு செயின் அறுந்தது. எதற்கும் முப்பது நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. திரும்பும் வழியில், சேலுவைக் கடந்ததும், பால் கேன்களைக் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் நடந்து வந்தார். கடைசியில் வந்துகொண்டிருந்தவன் நம் பையன். இறங்கினான், “காய் ஜாலா?” என்று கேட்டான், பார்த்தான், வால்டியூபை மாற்றிக் காற்றடித்துக் கொடுத்தான். பால்காரர் சட்டைப் பையிற் கைவிட்டபோது பையன் கையை அசைத்துவிட்டான். நாங்கள் பதின்மூன்று பேரும் சாலையோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்தோம்.

பெரியோர்களே! உங்களிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இரண்டு. ஒன்று, இந்தப் பையைச் சங்கத்தின் உடைமையாக ஏற்று, ஆண்டுதோறும் காய்ந்துபோன சொல்யூஷனையும் வெடித்த வால்டியூபையும் மாற்ற ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். மற்றொன்று, மாதத்தில் ஒரு ஞாயிறு நம் சங்க முற்றத்தில் நடக்கும் பழுது நீக்கும் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். ஆண்பிள்ளைகளை மட்டுமன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்ட பெண்கள் ஆயிரக்கணக்கினர். அவர்களுடைய சைக்கிளுக்கும் முள் குத்தியிருக்கும் அல்லவா? நம் பெண்மக்கள் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்துகொண்டால், அவர்கள் எந்த ஊரிலும் எவருக்காகவும் வழியிற் காத்து நிற்க வேண்டியதில்லை.

நாமெல்லாரும் சொந்த ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து வாழ்பவர்கள். முன்னே போய் நல்ல நிலையில் இருப்பவர்கள் நம்மில் உண்டு. வழியிற் காற்று இறங்கி நிற்கும் குடும்பங்களும் உண்டு. முன்னே போனவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு சங்கத்தை அளக்க வேண்டாம். கடைசியில் வருபவரும் வந்து சேர்ந்தாரா என்று பார்ப்போம்.